அண்ணன் குடுத்த மாத்திரை

கஸ்தூரியப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம்தான் முந்திக்கினு வருது. அவமேல இல்ல, அவ அண்ணன் முருகவேல்மேல.

செங்கம் ரோட்டுல வெளிநாட்டுக்காரங்க தங்குற கெஸ்ட் ஹவுஸ்ல நாங்க ரெண்டு பேரும் சமையல். அவ அடுப்பு, நான் காய் அரியறது. அவ புருஷன் போயிட்டாரு, புள்ளைங்க இல்ல. அவளுக்குன்னு இருந்தது பஸ் ஸ்டாண்டாண்ட மெடிக்கல் வச்சிருக்கற அந்த அண்ணன் மட்டும்தான். பொங்கலுக்கு அவன் எடுத்தாற புடவைய தெருவே பாத்தாதான் பீரோவுல வைப்பா. பைத்தியக்காரி.

போன பௌர்ணமிக்கு அப்புறம் அவளுக்கு வயிறு கெட்டுப்போச்சு. நேரா அண்ணன் கடைக்குப் போனா. "இது குடல்ல மட்டும்தான் வேல செய்யும், ரத்தத்துல சேராது, ஒண்ணும் பண்ணாது"ன்னு ஒரு ஆன்டிபயாட்டிக்கைக் குடுத்தான். மொதல்ல நின்னுச்சு. "முழுசா போவட்டும், நிறுத்தாத"ன்னான். கொஞ்ச நாள்ல திரும்ப ஆரம்பிச்சுது பாருங்க, வெறும் தண்ணியா. காய்ச்சல், வயித்துல முறுக்கல், கால்ல வீக்கம் வேற. போன்ல சொன்னதுக்கு, "டோஸ் பத்தல, ஜாஸ்தி பண்ணிக்கோ"ன்னுட்டான் மகராசன்.

நான்தான் ஆட்டோ வச்சி ஆஸ்பத்திரியில சேத்தேன். டாக்டரம்மா தன்மையாத்தான் கேட்டாங்க, "வேற எதனா மாத்திர சாப்ட்டீங்களாம்மா?"

"இல்லீங்க"ன்னா கஸ்தூரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

அவங்க போனதும் புடிச்சி ஒலுக்கினேன். டாக்டர் சீட்டு இல்லாம மாத்திர குடுத்தது தெரிஞ்சா கடைய மூடிடுவாங்களாம், வாயே தொறக்காதன்னு அண்ணன் சொல்லிட்டானாம். அதோட வுட்டாளா? முந்தானையில அந்த மாத்திரைய முடிஞ்சி வச்சிக்கினு, நர்சு அந்தாண்ட போனதும் முழுங்கறா.

"உனுக்கு உசுரு பெருசா, அவன் கடை பெருசா?"

"கூடப் பொறந்தவரு அருணா. என்னால அவரு பொழப்பு கெடக் கூடாது. அண்ணாமலையார்மேல ஆணை, நீ சொல்லாத."

மலைய ஜன்னல் வழியா காட்டி ஆணை வைக்கறா. என்னா பண்றது, வாய மூடிக்கினேன்.

அப்புறம் எழுந்து உக்காரவே முடியல அவளால. "குடல் புண்ணாயிட்டே போவுது. காரணம் தெரியலன்னா உசுருக்கே ஆபத்து"ன்னு டாக்டரம்மா சொல்லிட்டிருக்கும்போதே முருகவேலு சாத்துக்குடிப் பையோட வந்து நின்னான். அவங்க அவனையும் கேட்டாங்க, என்னா மாத்திர சாப்ட்டாங்கன்னு.

கூசாம சொன்னான். "நான் எவ்ளோவோ சொல்லிப் பாத்துட்டங்க மேடம். கண்ட கடையில மாத்திர வாங்கி முழுங்கறா. யாரு பேச்சையும் கேக்கறதில்ல."

கஸ்தூரி அவனையே பாத்தா. அழுவல. முந்தானை முடிச்ச அவுத்து மாத்திர அட்டைய டாக்டரம்மா கையில குடுத்தா.

அவங்க பாத்ததும் புரிஞ்சிக்கினாங்க. "இதாலதாம்மா. குடல்ல இருக்கற நல்ல கிருமிங்கள்லாம் செத்து, கெட்டது ஏறிக்கிச்சு. இன்னியோட நிறுத்துங்க, இதுக்கு மருந்து வேற. பொழச்சிக்குவீங்க. யாரு குடுத்தது?"

"இவருதாங்க."

டாக்டரம்மா அவனையும் அவளையும் மாறி மாறிப் பாத்தாங்க.

"இவரு உங்களுக்கு என்னா உறவு?"

"உறவெல்லாம் இல்லீங்க"ன்னா கஸ்தூரி. "மெடிக்கல் கடைக்காரரு."