வாளிக்குள் முகத்தை முக்கிய சித்தப்பா

சித்தப்பாவைப் பார்த்து அன்று நான் சிரித்திருக்கக் கூடாது. அவர் திரேஸ்புரம் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். நான் நர்சிங் முதலாண்டு மாணவி. கை, கால்களை உடல் நரம்புகள் வழியாக நாம் நினைத்தபடி அசைக்கலாம், இதயத்தை நடத்தும் தானியங்கு நரம்புகளோ நம் சொல்லைக் கேட்காது என்று தேர்வுக்காக உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

"எஞ் சொல்லக் கேக்கும்ளா. முங்குனா நெஞ்சு மெதுவாத்தான் அடிக்கும்" என்றார்.

"சும்மா அளக்காதீங்க சித்தப்பா!" என்று சிரித்தேன்.

உடனே வாளியில் குளிர்ந்த கடல்நீரை நிரப்பி, மூச்சை இழுத்து முகத்தை முக்கினார். அவர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். நாடி இறங்கியது. இன்னும் இறங்கியது! பயந்துபோய் மறுகையால் அவர் தலையைத் தூக்கிவிட்டேன்.

"ஏளா, அதுக்குள்ளயா?" என்று சிரித்தார்.

அப்போதுதான் பளிச்சென்று புரிந்தது. அவர் கட்டளையிட்டது கழுத்துக்கும் மூச்சுக்கும்தான். முகத்தில் தண்ணீர் பட்டதும் இதயம் தானாகவே நிதானித்திருக்கிறது.

"ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டோம் சித்தப்பா!" என்று குதித்தேன்.

"அப்பம் கைய விடேம்ளா."

விடச் சொன்னதும் விரல்கள் விட்டன. பயத்தில் இன்னும் படபடத்துக்கொண்டிருந்த என் நெஞ்சையும் அடங்கச் சொன்னேன். அது கேட்கவே இல்லை.