பெருவிரலும் பத்து விரலும்

வீடியோ விளையாட்டு நிலையம் நடத்துகிறவனுக்கு வாடிக்கையாளரின் முகம் மறந்துபோகும், கை மறக்காது. சாவகச்சேரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை. அங்கே என் மனைவி இருந்த காலத்தில் தையல் மெசின் ஓடிய அறையில் இப்போது இரண்டு டிவியும் இரண்டு விளையாட்டுப் பெட்டிகளும் ஓடுகின்றன. எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. ரேடியோ திருத்தியவன், திறந்து பார்த்துப் பார்த்துப் பழகினேன். அவள் என்னோடு கதைத்துக்கொண்டே, பார்க்காமல் ஊசியில் நூல் கோர்ப்பாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பழக்கமோ என்னவோ, வேலை தெரிந்த கையைக் கண்டால் இன்றும் வாயடைத்துப்போகிறேன். வீட்டில் இப்படி ஒரு பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, சோறு ஆறுவதையும் கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராததையும் சகித்துக்கொண்டிருப்பவர்களே, நீங்கள் என் இனம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் வெடி

துவக்குச் சூட்டு விளையாட்டை முதன்முதல் போட்ட அன்று, புத்தி கெட்டவன், சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கரில் விட்டுவிட்டேன். பக்கத்துப் புடவைக்கடை முதலாளிக்கு எழுபது வயது. ஷட்டர் இழுபடும் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், மனிசன் துணிக்கட்டுகளுக்கு நடுவே குப்புறப் படுத்திருக்கிறார். எழுபது வயதில் அந்த வேகத்தை அந்த உடம்பு எங்கே வைத்திருந்தது?

அன்றைக்கே ஹெட்போன்கள் வாங்கிவிட்டேன். ஆனால் அவர் எழும்பி, வேட்டியைத் தட்டிக்கொண்டே கேட்ட கேள்வி இன்னும் காதுக்குள் இருக்கிறது: "தம்பி, சண்டையெல்லாம் முடிஞ்சுதெண்டெல்லோ சொன்னவங்கள், உனக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் விட்டுட்டுப் போனவங்களோ?"

கைப்பைக்குள்ளிருந்து வந்தது

என் நிலையத்தில் கஜனை வெல்ல ஆள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. கஜன் மினிபஸ் கொண்டக்டர். ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, மற்றக் கையின் பெருவிரலால் ரிக்கற் மெசினைத் தட்டுகிறவன். இரண்டு கையாலும் பிடித்து விளையாடும் கொன்ட்ரோலரில், நடக்க ஒன்றும் குறி திருப்ப ஒன்றுமாக இருக்கும் இரண்டு குமிழ்களும் அந்தப் பெருவிரல்களுக்காகவே செய்தவை போல இருக்கும்.

ஒரு சனிக்கிழமை ரஜனி வந்தாள். நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்கள் தட்டச்சு செய்பவள், முப்பதுக்குக் கிட்ட வயது. நான் நீட்டிய கொன்ட்ரோலரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கைப்பைக்குள்ளிருந்து எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு கீபோர்டையும் மவுஸையும் எடுத்துப் பெட்டியில் செருகினாள். அந்த விளையாட்டு அவற்றையும் ஏற்கும் என்பது அதுவரை எனக்கே தெரியாது. கஜன் சிரித்தான். "என்னக்கா, உறுதி எழுத வந்தனீங்களோ?"

அவள் திரைக்கு முன்னால் அமர்ந்தாள். இடது கை கீபோர்டில் மழை மாதிரி விழுந்தது. வலது கை மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால், திரையில் துவக்கு அரை வட்டம் திரும்பி, குறியில் ஆணி அடித்தாற்போல் நின்றது. நான் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனபடியே நின்றுவிட்டேன். ஏழு நிமிடத்தில் கஜனின் ஆட்டம் முடிந்தது. மவுஸின் வயரைச் சுற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "எழுதியாச்சு தம்பி, கையெழுத்து மட்டும் வையும்."

அளாப்புவது யார்

அதன் பிறகு என் அறையில் சமாதானம் இல்லை. கொழும்பில் ஒரு போட்டி நடக்கவிருந்தது, எங்கள் நிலையத்திலிருந்து நால்வர் போகலாம். மூவர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது கஜனா ரஜனியா? "அக்கா அளாப்பிறா, கள்ள விளையாட்டு. மவுஸ் எண்டால் ஆரும் சுடலாம்" என்று கஜன் கத்தினான். மற்ற மூவரும் அவன் பக்கம்.

ரஜனிக்கு அந்த இடம் ஏன் வேண்டும் என்று நான் ஒருநாள் கேட்டிருந்தேன். "விடிஞ்சால் பொழுதுபட்டால் மற்ற ஆக்களின்ரை பேரைத்தானே அடிக்கிறன் அங்கிள். ஒரு இடத்திலையாவது என்ரை பேர் வரட்டுமே" என்றாள். அதனால் அவள் விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கொன்ட்ரோலரில் விளையாடினால், குறி எதிரிக்குக் கிட்டப் போகும்போது பெட்டி அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து உதவும். கீபோர்டும் மவுஸும் செருகினால் அந்த உதவி நின்றுவிடும். இதை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எல்லோரையும் கத்தவிட்டு, கடைசியாகக் கஜனைப் பார்த்துச் சொன்னாள்: "உன்ரை துவக்கை மெசின் பிடிச்சுத் திருப்புது ராசா, என்ரை துவக்கை நான்தான் திருப்பிறன்."

என் முறை

இவ்வளவையும் பார்த்தபின் ஒரு மத்தியானம், ஆள் இல்லாத நேரத்தில், ரஜனி வைத்துவிட்டுப் போயிருந்த கீபோர்டையும் மவுஸையும் நானும் பிடித்துப் பார்த்தேன். கால் மணித்தியாலம் வானத்தைச் சுட்டேன், பிறகு என் காலடியைச் சுட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் திரும்பினால், வாசலில் புடவைக்கடை முதலாளி: "உன்னாலை ஒருத்தருக்கும் சேதமில்லைத் தம்பி, நீ சத்தத்தைக் கூட்டியே விளையாடு."

லேஞ்சி

பிறகு கொழும்பிலிருந்து விதிகள் வந்தன. கொன்ட்ரோலர் மட்டும்தான், கீபோர்டும் மவுஸும் கூடாது. பெயர்ப் பட்டியல் அனுப்ப மூன்று வாரம் இருந்தது. கஜனும் ரஜனியும் கொன்ட்ரோலரில் ஐந்து ஆட்டம் ஆடுவது, மூன்றில் வெல்பவர் கொழும்புக்குப் போவது என்று முடிவாயிற்று. கதை முடிந்தது என்றே நானும் நினைத்தேன். மூன்று வாரத்தில் யார் கைப்பழக்கத்தை மாற்றுவது?

ரஜனி வேலை முடிந்ததும் தினமும் வந்தாள். கொன்ட்ரோலரைப் பிடித்த கைகளின் மேல் ஒரு லேஞ்சியை, முகம் துடைக்கும் கைக்குட்டையை, விரித்துக்கொள்வாள். தட்டச்சு வகுப்பில் கையைப் பார்க்காமலிருக்க அப்படித்தான் பழக்கினார்களாம். மற்றவர்கள் எல்லாப் பொத்தான்களையும் பெருவிரலாலேயே அமத்துவார்கள். இவளோ ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வேலை பிரித்துக் கொடுத்தாள். சுட்டுவிரல் வளைந்து மேலே வந்து பாயும் பொத்தானில் குந்திக்கொண்டது, நடுவிரல் சுடும் பொத்தானுக்குப் போயிற்று. லேஞ்சிக்குக் கீழே ஏதோ ஓர் உயிர் அசைவது மாதிரி இருக்கும். "கை நோகாதோ பிள்ளை?" என்று கேட்டேன். லேஞ்சியை எடுக்காமலே சொன்னாள்: "கடவுள் பத்து விரல் தந்திருக்கிறார் அங்கிள், எட்டை நித்திரை கொள்ள விட்டிட்டு இரண்டைப் போட்டு முறிக்கிறது எந்த ஊர் நியாயம்?"

ஐந்து ஆட்டம்

ஞாயிறு பின்னேரம். முதலாளியும் ஒரு கதிரை கொண்டுவந்து இருந்தார். தொடங்க முன் கஜன் தன் பக்கத்து அமைப்புக்குள் போய், பெட்டி தரும் குறி உதவியை நிறுத்தினான். "டேய், விசரே உனக்கு?" என்று மூவரும் பாய்ந்தார்கள். "பேசாமல் இருங்கோ" என்றான். மூன்று வாரமும் வீட்டில் அவன் அப்படியேதான் பழகியிருக்கிறான். ரஜனி என்னைப் பார்த்தாள். "அங்கிள், உந்த உதவி விதியிலை இருக்கோ?" ஓம், இருக்கு என்றேன். "அப்ப என்ரை இருக்கட்டும்" என்றாள். உறுதி எழுதுகிறவளிடம் வேறெதை எதிர்பார்ப்பது?

முதல் இரண்டு ஆட்டமும் கஜன் வென்றான். ஒரு துணையும் இல்லாமல், தலைமயிர் அளவு, அதிலும் பாதி அளவு, அந்தப் பெருவிரல் குமிழைத் தள்ளியதை நான் பார்த்தேன். அறுபது வருடத்தில் அப்படி ஒரு நிதானத்தை ஒருவரிடம்தான் கண்டிருக்கிறேன், அவள் இப்போது இல்லை. மூன்றாவதில் ரஜனி பாயத் தொடங்கினாள். பாய்வதற்குக் கஜன் பெருவிரலைக் குமிழிலிருந்து எடுக்கவேண்டும், அந்தக் கணம் அவன் குறி அநாதை. ரஜனிக்குப் பாய்வது சுட்டுவிரலின் வேலை. பெருவிரல் குறியிலேயே இருந்தது, அவள் அந்தரத்தில் நின்றே சுட்டாள். மூன்றாவதும் நாலாவதும் அவளுக்கு. ஐந்தாவதில் இருவரும் இன்னும் ஒரு வெடி பட்டால் விழும் நிலை. முதலாளி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டார். ரஜனி பாய்ந்தாள், கஜனின் குறி அவளைத் தேடிக்கொண்டு ஏறியது, ஒரு மயிரிழை பிந்திவிட்டது.

கொழும்புக்குப் போகும் பட்டியலை அங்கேயே அனுப்பினோம். நாலாவது பெயர் ரஜனி. அவள் அதைப் படித்துவிட்டு, திரும்பவும் படித்தாள். மூவரில் ஒருவன் கஜனிடம், "உதவியை விட்டிருந்தால் நீ போயிருப்பாய், மடையா" என்றான். கஜன் பெருவிரலைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "போயிருப்பன்தான், ஆனால் இப்ப எனக்குத் தெரியும், இரண்டு ஆட்டம் நான் தனியத்தான் வெண்டனான்."

கீபோர்டும் மவுஸுமா, கொன்ட்ரோலரா சிறந்தது என்று இன்றும் என்னிடம் வந்து கேட்கிறவர்களுக்கு, எல்லாவற்றையும் திறந்து துடைக்கிறவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது, எதைத் திறந்தாலும் உள்ளே இருப்பது விளையாடுகிறவர்கள் கொறித்துக் கொட்டிய ஒரே மிக்ஸர்த் தூள்தான்.