பேக்கப்பில் இல்லை என்று சொன்ன யோகன் அண்ணை

யோகன் அண்ணை எங்களை விட்டுப் போய்விட்டார்...

காலையில் ரயிலில் நிற்கும்போது வேலையிடத்து குரூப்பில் மெசேஜ் வந்தது. அட்லிஸ்வில்லில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய்த்தான் உணர்வு வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே சுவிஸில் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் கம்ப்யூட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. சர்வர், பாஸ்வேர்ட், பிரிண்டர், மூன்றாம் மாடியில் படம் வராத டிவி... டிவி தன் வேலை இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே போய்த் திருத்திவிட்டு வருவார்.

வாய் மட்டும் சும்மா இருக்காது. ஒருவருக்கும் பயமில்லை.

டாப்லெட் வந்த புதிதில் மேலிடம் நர்ஸ்மாருக்கு ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தது. கூட்டம் வைத்து, கேக் வெட்டி... யோகன் அண்ணை கேக்கைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் கேட்டார், இதை வாங்கினவர் ஒரு நாளாவது ஒரு ஆளைக் குளிப்பாட்டிப் பார்த்தாரா என்று. நாள் முழுக்க ஈரக்கையும் கிளவுசுமாக நிற்கிறவர்களுக்கு விரலால் தேய்க்கிற கண்ணாடி எதற்கு என்று.

இரண்டு மாதத்தில் எல்லா டாப்லெட்டும் அலுமாரிக்குள் போய்விட்டன.

பாஸ்வேர்ட் விஷயமும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. சனம் கடதாசித் துண்டில் எழுதி கீபோர்டுக்குக் கீழே வைத்துக்கொண்டது.

அவர் ஒருவரையும் ஏசவில்லை. துண்டுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு நேரே மேலாளரிடம் போய், இது உங்கள் சட்டம் செய்த வேலை என்று மேசையில் கொட்டினார். சட்டம் போனது. மேலாளருக்கு அவரைப் பிடிக்காமலும் போனது.

சரி... என் கதைக்கு வருகிறேன். இத்தனை வருடம் இதை நான் வெளியில் சொன்னதில்லை.

அப்போது நான் ஒஃபிசில் சேர்ந்து இரண்டு மாதம். வைத்திருப்பதா அனுப்புவதா என்று பார்க்கிற ப்ரோபெட்சைட் இன்னும் முடியவில்லை. என்னுடைய அவர் மன்னாரில். அவரைக் கூப்பிடக் கொடுத்திருந்த விண்ணப்பம் இந்த வேலையை நம்பித்தான் நின்றது.

வேலையை விட்டுப் போகிறவர்களின் கம்ப்யூட்டர் அக்கவுண்டை அழிப்பது என் வேலைகளில் ஒன்று.

எங்களிடம் இரண்டு தமிழர் இருந்தார்கள். குசினியில் சமைக்கிற சிவகுமார், அவருடைய அப்பா பெயர் நடராசா. லாண்டரியில் நடராசா, அவருடைய அப்பா பெயர் சிவகுமார். விலகிப் போனது லாண்டரி நடராசா அண்ணை. எனக்கு அப்போது இரண்டு பேரின் முகமும் தெரியாது.

விலகல் ஃபோர்மில் பெயர் நடராசா, குடும்பப்பெயர் சிவகுமார் என்று சரியாகத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் ஆட்களின் பெயரை இங்கே தலைகீழாகப் பதிந்து வைப்பது வழக்கம்தானே... என்னையே என் பெர்மிட்டில் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். இதையும் வெள்ளைக்காரர் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, பெரிய கெட்டிக்காரி போலத் திருப்பிப் போட்டு அழித்தேன். ஒரு சுவிஸ்காரி இருந்திருந்தால் எழுதியிருந்தபடியே செய்துவிட்டுப் போயிருப்பாள்.

அடுத்த நாள் காலை குசினியில் சிவகுமார் அண்ணையின் கம்ப்யூட்டர் வெறுமை. யாருக்குச் சீனி வருத்தம், யாரால் விழுங்க முடியாது, யாருக்கு எது ஒவ்வாது... எல்லாருடைய சாப்பாட்டுப் பட்டியலும் அதற்குள்தான் இருந்தது.

நல்ல காலம், அவருக்குப் பாதி மனப்பாடம். மீதியை நர்ஸ்மாருடன் அறை அறையாகப் போய்க் கேட்டு எழுதினோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மேலாளர் என்னையும் யோகன் அண்ணையையும் கூப்பிட்டார். யார் அழித்தது என்று கேட்டார். என்னை அனுப்பும் கடிதம் ஏற்கெனவே மேசையில் கிடந்தது, அதில் என் பெயரைப் பார்த்துவிட்டேன்.

யோகன் அண்ணை சுவிஸ் ஜெர்மனில்தான் பேசினார். ஆனால் எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

"இவா ஒரு பட்டனை அமத்தினவா, அவ்வளவுதான். ஒருத்தரையும் கேளாமல் அழிக்கிற மாதிரி அந்தப் பட்டனை வச்சது நான். திருப்பி எடுக்கலாமெண்டால் பேக்கப்பிலையும் இல்லை. போன மாசம் சர்வர் மாத்தேக்கை குசினி ஃபோல்டரைச் சேர்க்க மறந்துபோனன்."

பேக்கப் விஷயம் அவரைத் தவிர அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாம் என் தலையோடு முடிந்திருக்கும்.

மேலாளர் கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

வெளியில் வந்து நான் அழ, அவர் ஏசினார். அழுவதை விட்டுவிட்டு முகத்தைக் கழுவட்டாம். எழுதிக் கிடப்பதைத் திருத்தக் கூடாதாம், சந்தேகம் என்றால் போன் அடிக்கட்டாம். இரண்டு பேர் ஓம் சொன்னால்தான் எதையும் அழிக்கலாம் என்று அன்று பின்னேரமே மாற்றிவிட்டார்.

என்னுடைய அவர் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார். மகளுக்கு இப்போது ஒன்பது வயது.

அந்த வருடம்தான் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் ஒருவரைப் போட்டார்கள். யோகன் அண்ணைக்கு வரவேண்டிய இடம், வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. கேட்டதற்கு, மீட்டிங்கில் இருந்தால் தனக்கு நித்திரை வரும், நல்லவேளை தப்பினேன் என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்று மத்தியானம் அவருடைய மனைவி வசந்தி அக்காவுக்குப் போன் எடுத்தேன். பெயரைச் சொன்னதும் அவருக்கு நான் யாரென்று விளங்கிவிட்டது.

"நீரே அந்தப் பிள்ளை?... உம்மடை விசயத்திலைதானே இவருக்கு எழுத்திலை வோர்னிங் குடுத்தவை. அதைக் காட்டித்தானே அந்தப் பொறுப்பையும் குடுக்கேல்லை. உமக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது.

பதினொரு வருடம் பக்கத்து அறையில் இருந்து ஒன்றாகத் தேத்தண்ணி குடித்திருக்கிறோம். பிரிண்டரில் இருந்து டைரக்டர் வரை எல்லாரைப் பற்றியும் வாய் ஓயாமல் சொன்ன மனுசன்... இதை மட்டும் சொல்லவில்லை.

எனக்கு உங்களோடு கோபம், யோகன் அண்ணை. ஒரு நன்றி சொல்ல விட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை உங்களை வழியனுப்ப இவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு வாறன்.