சுரண்டி எடுத்த பொருக்கு

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். கடைசிப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோதே அவர்களுடைய அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில், மலைமேல் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட் பங்களாவில் சமையலுக்குச் சேர்ந்தேன். இருக்க, வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றைக் கொடுத்தார்கள். வேலை போனால் வீடும் போய்விடும்.

பங்களா அம்மா புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். கிராத்தேன் என்று ஒரு பிரெஞ்சுப் பதார்த்தம் செய்வார். உருளைக்கிழங்கை வில்லையாக அரிந்து அடுக்கி, பாலும் வெண்ணெயும் ஊற்றி, மேலே சீஸும் ரொட்டித் தூளும் தூவி இரும்பு ஓவனில் வைப்பது. நான் அரிந்து கொடுப்பதோடு சரி, வெந்து வந்ததைப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். வெந்ததும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு அம்மா கூடத்துக்குப் போய்விட்டார்.

திறந்தால் மேலெல்லாம் சிவந்து, ஓரம் கறுத்து முறுகிக் கிடந்தது. தீய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். எங்கள் பக்கம் சாமைச் சோறு அடிப்பிடித்தால் அந்தப் பொருக்கை ஆக்கியவளே தின்பாள். விருந்தாளிக்கு அதை வைப்பது பெரிய அவமரியாதை. கரண்டியால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் வெள்ளையாக இருந்ததை மேசையில் கொண்டுபோய் வைத்தேன். பொருக்கை வாழையிலையில் மடித்து என் கூடைக்குள் வைத்தேன். பிள்ளைகள் தின்னட்டும் என்றுதான்.

சற்று நேரத்தில், மேலே இருந்தது எங்கே என்று கேட்டுக்கொண்டு அம்மா வந்தார், பின்னாலேயே கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரும். ரைட்டர் கூடையைக் கிளறி இலையை வெளியே எடுத்தார்.

"பாருங்கம்மா, சீஸை மட்டும் வழிச்சு வெச்சிருக்குது. நொம்பத்தான் நாக்கு நீளம்! நாளைக்கே லைன் ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிடறனுங்க."

"ஏனுங்க ரைட்டரய்யா, தீஞ்சதை விருந்தாளிக்கு வெக்கறது உங்க ஊட்ல பழக்கமுங்களா? எங்கூட்ல இல்லீங்க," என்றேன்.

அம்மா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். "இது தீஞ்சதில்லம்மா. இந்தப் பொருக்குதான் கிராத்தேன். பிரெஞ்சுல, சட்டியில ஒட்டினதைச் சுரண்டறதுன்னு அர்த்தம். ருசி தெரிஞ்சதும் பெரியவங்க மேசைக்குப் போயிடுச்சு."

"அப்படின்னா அந்த ஊர்லயும் மொதல்ல ஆக்கினவதான் தின்னாளுங்களா?"

அம்மா சிரித்துவிட்டார். ரைட்டரிடம், "திருடறவ, நல்லதை விருந்தாளிக்கு வெச்சிட்டு தீஞ்சதுன்னு நெனச்சதையா எடுப்பா? நீங்க போங்க," என்றார். இலையை அவரே கூடத்துக்கு எடுத்துப்போனார். விருந்தாளிகள் கையாலேயே எடுத்துத் தின்று தீர்த்தார்கள். என் பிள்ளைகளுக்கு ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

மறுவாரத்திலிருந்து ஓவன் என் பொறுப்பு. பதினாறு வருஷம் அங்கே சமைத்தேன். நான்கு பிள்ளைகளும் அந்த லைன் வீட்டிலிருந்துதான் பள்ளிக்கூடம் போனார்கள்.

எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

எங்க கண்ணு, மொதல்ல இருந்து படி. இலையில மடிச்சு வெச்சனே, அதை எழுதினயா? உட்டுடாத சாமி. அதை மறைச்சா ரைட்டர் சொன்னது நெசமாயிடும்.