டூரோன் ஆற்றுக்கு ஒரு வெந்நீர்ச் சட்டை

ஜூலை மாதம், இந்த நாட்டில் கடுங்குளிர்காலம். சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி. பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஸ்டேஷன் வேகனின் கண்ணாடியில் படிந்த உறைபனியை என் கணவர் சோற்றுக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். வண்டியின் பின்புறத்தில் ஒரு செப்பு உருளை, ரப்பர் குழாய்ச் சுருள்கள், பெரிய பிஸ்கட் தகரம் ஒன்று, கறுப்பு ரப்பர் உடுப்பு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல் என்னுடைய புட்டுப் பானை. முன் இருக்கை நீளமானது. இவர், நான், நடராஜன் மூவரும் அதிலே நெருக்கி உட்கார்ந்தோம்.

நடராஜன் கோயம்புத்தூர்க்காரர். நகரத்தின் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கும் அலுவலகத்தில் இவரோடு வேலை செய்கிறார். பம்பு என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார்.

நாங்கள் போனது சோஃபாலாவுக்கு. இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அங்கே ஓடும் டூரோன் ஆற்றில் இன்னும் தங்கம் இருக்கிறது. வார இறுதிகளில் ஆட்கள் மிதவை இயந்திரங்களோடு வருவார்கள். ஆற்றடிச் சரளையைத் தடித்த குழாயால் உறிஞ்சி, மிதவையிலுள்ள பெட்டி வழியே ஓடவிட்டால், பாரமான தங்கம் பெட்டியின் குறுக்குச் சட்டங்களில் தங்கிவிடும். நாங்களும் தங்கம் தேடித்தான் போனோம். ஆனால் எங்கள் தங்கத்தை யாழ்ப்பாணத்துப் பத்தர் ஒருவர் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்.

அது என் தாலிக்கொடி. ஜனவரியில் சுற்றுலா வந்தபோது பாறையில் வழுக்கி ஆற்று மடுவில் விழுந்தேன். எழும்பினேன், கொடி எழும்பவில்லை. அம்மா செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார், முதலில் பார்ப்பது என் கழுத்தைத்தான். அது ஒரு பக்கம் இருக்கட்டும். மே மாதம் இவர் முக்குளிக்கும் ரப்பர் உடுப்பொன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு அந்த மடுவில் இறங்கினார். கொஞ்ச நேரத்திலேயே உதடு நீலமாகி, நாக்குக் குழறி, தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை உதறியது. அன்றைக்கு நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். கணவன் நெடுநாள் வாழவென்று அணிகிற பொருளைத் தேடி, அந்தக் கணவனையே விறைக்கவைக்க எனக்குச் சம்மதமில்லை.

"இஞ்சாருங்கோ, கொடி போனால் போகட்டும்" என்றேன்.

"வசந்தத்திலை மழைவெள்ளம் வந்தால் சரளை முழுக்க அள்ளுப்பட்டுப் போயிடும். அதுக்குள்ளை, விறைக்காமல் இறங்க ஒரு வழி பார்ப்பம்" என்றார்.

"ஓம், பாருங்கோ. ஆனால் ஒருதரம்தான். நடுங்கிக்கொண்டு மேலை வந்தால், ஆறே கொடியை வைச்சிருக்கட்டும்."

அதற்குப் பிறகு வார இறுதியெல்லாம் கார்க் கொட்டகையில் தட்டலும் உரசலும்தான். வழி கண்டுபிடித்தவர் நடராஜன். கோவையில் அவர் வீட்டுக் குளியலறையில் செம்பு வெந்நீர் பாய்லர் உண்டு. நடுவில் ஒரு புகைக்குழல், சுற்றிவரத் தண்ணீர். "அதேதாங்க இதுவும். கரி நெருப்புக்குப் பதிலா இன்ஜின் புகை. சும்மா ஆகாசத்துக்குப் போற சூடுதானுங்களே" என்றார். மிதவை இயந்திரத்தின் புகைக்குழலைச் செப்பு உருளை ஒன்றின் நடுவே விட்டு, உருளைக்குள் ஆற்று நீரை ஓடவிடுவதுதான் திட்டம். அது கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். அதைப் பிஸ்கட் தகரத்தில் பச்சைத் தண்ணீரோடு கலந்து, ஒரு குழாயால் உடுப்புக்குள் அனுப்ப வேண்டும்.

உடுப்பு பிளாக்டவுன் பழைய சாமான் கடையில் ஆறு டாலருக்கு வாங்கியது. அதற்குள் என் கணவரும் நடராஜனும் சேர்ந்தே புகலாம். நான் கூடாரம் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள், அதனால் வெட்டிச் சிறிதாக்கும் வேலை எனக்கு வந்தது. துளையிட்ட மெல்லிய குழாயை, பாவாடைக்கு நாடா கோப்பதுபோல் உள்பக்கம் நெஞ்சு, முதுகு, கை எல்லாம் கோத்துக் கொடுத்தேன். ஓரங்களைத் தைக்கத்தான் விடவில்லை. "ஊசித் துவாரத்தாலை தண்ணி வரும், தையல் வேண்டாம், பசையே காணும்" என்று எஞ்சினியரான என் கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு மனமில்லை. கூடார ஊசியையும் மெழுகு நூலையும் சத்தமில்லாமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஏழரை மணிக்கு கட்டூம்பாவில் மூடுபனி, முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. லித்கோவில் தேநீரும், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரமும். பாதர்ஸ்டைத் தாண்டிய பின், வெளியெல்லாம் உறைபனி மூடி வெள்ளையாகக் கிடந்தது. செம்மறிகளின் முதுகிலும் வெள்ளை. அங்கிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர் வளைந்து இறங்கினால் சோஃபாலா. ஒடுக்கமான ஒரே தெரு, சாய்ந்த மரவீடுகள், எங்கள் கார் எதிரே வந்த வண்டிக்காக ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. விடுதியில் ஓர் அறை, காலை உணவோடு பத்து டாலர்.

மிதவை இயந்திரத்தின் சொந்தக்காரர் டெஸ். அறுபது வயதிருக்கும், காதில் கோளாறு வந்ததால் முக்குளிப்பதை விட்டவர். நாளுக்கு இருபது டாலர் வாடகை, எரிபொருளும் சேர்த்து. எங்கள் செப்பு உருளையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது சாராயம் காய்ச்சவா?" என்று கேட்டார்.

"இல்லை, புருஷனைச் சூடாக்க" என்றேன். சிரித்துச் சிரித்து இருமினார்.

பதினொரு மணிக்கு எல்லாம் பூட்டியாயிற்று. முக்குளிப்பவருக்கு மூச்சுக்காற்று அனுப்பும் குழாயின் வாயை, புகை எட்டாத உயரத்தில் ஒரு கம்பில் கட்டிவிட்டார் நடராஜன். இவர் உடுப்பை மாட்டிக்கொண்டு மரத்தின் பின்னாலிருந்து வந்தார். முகம் பளபளத்தது. ஏதோ மணம் வந்தது. நல்லெண்ணெய்.

"என்னப்பா இது?"

"சனிக்கிழமை எல்லோ? உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை தேய்ச்சிட்டன். குளிர் ஏறாது."

"சனிக்கிழமை, எண்ணெய், வெந்நீர். எல்லாம் அமைஞ்சு வந்திருக்குதுங்க" என்றார் நடராஜன். ஒரு போத்தலையே இரண்டு பேரும் சேர்ந்து காலி செய்திருக்கிறார்கள்.

இறங்கினார். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை டெஸ்ஸின் கையில் இருந்தது. உடுப்புக்குள் வெந்நீர் போனது. சற்று நேரத்துக்கெல்லாம் நீர்மேல் எண்ணெய் வளையம் வளையமாக மிதந்து வந்தது. பிறகு கயிறு படபடவென்று இழுபட்டது. டெஸ்ஸும் நடராஜனும் சேர்ந்து மேலே தூக்கினார்கள். உடுப்பின் முதுகு கழுத்திலிருந்து இடுப்புவரை வாய் பிளந்திருந்தது. வெந்நீரிலும் எண்ணெயிலும் ஊறிப் பசை அத்தனையும் விட்டுவிட்டது.

"குளிர், பின்னாலை குளிர்" என்றார். பல்லு அடித்தது. கம்பளியால் சுற்றி, வெந்நீர்க் குழாயைக் காலடியில் ஓடவிட்டேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆற்றங்கரையில் நின்றுகொண்டு தீபாவளி கொண்டாட வந்தீர்களா என்று இரண்டு பேரையும் உண்டு இல்லை என்று பண்ணிவிட்டேன். டெஸ்ஸுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"சரி, வீட்டை போவம்" என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு.

ஒருதரம்தான் என்று சொன்னவள் நான். ஆனால் தோற்றது பாய்லர் அல்ல, வெறும் பசை. இவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். விரல்கள் சுடச்சுட இருந்தன. "இது கணக்கிலை இல்லை. நாளைக்குத்தான் அந்த ஒருதரம்" என்றேன். கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தேன்.

எண்ணெய் பட்ட ரப்பரில் ஊசி வழுக்கும். அதற்கும் நடராஜனிடம் மருந்திருந்தது. "எண்ணெய் வச்சா அரப்பு வேணுமுங்களே" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். கோவையிலிருந்து வந்த அரப்புப் பொடி. பச்சைக் குழம்பாகக் கரைத்து, ஒருவர் உடுப்பையும் மற்றவர் தன்னையும் தேய்த்துக் கழுவியதை டெஸ் வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

பிற்பகல் முழுவதும் தைத்தேன். "துவாரத்தாலை தண்ணி..." என்று இவர் தொடங்கினார்.

"உள்ளுக்கு ஓயாமல் வெந்நீர் போகுது. அது வெளியிலை தள்ளும், பச்சைத் தண்ணி எப்படி உள்ளை வரும்?"

எஞ்சினியர் யோசித்துப் பார்த்துவிட்டு, மெழுகு நூலை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறு, காலை பத்து மணி. ஆற்றின்மேல் ஆவி எழுந்துகொண்டிருந்தது. இவர் உறிஞ்சும் குழாயோடு மடுவில் மறைந்தார். நான் மிதவையோரம் பலகையில் அமர்ந்து, ஒரு கையைத் தகரத்து நீரில் வைத்தபடி மறு கையால் வெந்நீர்க் குழாய், பச்சைத் தண்ணீர்க் குழாய் இரண்டையும் திருகிக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு வெந்நீர் விளாவுகிற பதம்தான் வேண்டும். ஒருமுறை தகரத்து நீர் சட்டென்று கையைச் சுட்டது. பச்சைத் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்துவிட்டது. உடுப்புக்குப் போகும் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு, "நடராஜன்!" என்று கத்தினேன். அவர் இலையைப் பிடுங்கியதும் மறுபடி விட்டேன். கீழே இவர் வெந்துவிட்டாரா, விறைத்துவிட்டாரா? கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு ஒருதரம் மெல்ல இழுபட்டது. சுகம் என்று அர்த்தம்.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே இருந்தார். சரளை ஓயாமல் பெட்டியில் கொட்டியது. கறுப்பு மணல், ஈயக் குண்டுகள், துருப்பிடித்த ஆணிகள். திடீரென்று டெஸ் கையை நீட்டி இயந்திரத்தை நிதானமாக்கினார். குறுக்குச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, மஞ்சளாக, என் கொடி ஓடுநீரில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணி நசுங்கியிருந்தது, தாலி அப்படியே இருந்தது. நான் அழுதேன். நடராஜனும் மூக்கை உறிஞ்சினார்.

"இந்த ஆற்றிலே செய்து முடித்த தங்கம் எடுத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார் டெஸ். பெட்டியில் மினுங்கிய சில பொடிகளை அவரிடமே விட்டோம்.

கயிற்றை இழுத்தோம். இவர் மேலே வந்தார், உடுப்பின் தையல் வழியெல்லாம் ஆவி பறக்க. நான் கொடியை நீட்டினேன். நானே பூட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் திரும்பி நின்று கழுத்தைக் காட்டினேன்.

எங்கள் ஊர்க் கொடியைப் பூட்டுவது ஒரு சிறிய திருகு. மிளகளவுதான் இருக்கும். கலியாண நாளில், சித்திரை வெயிலில், மேளம் முழங்க, இவர் விரல்கள் குளிர்ந்து நடுங்கி அதைப் பூட்ட முடியாமல், பின்னால் நின்ற மச்சாள்தான் பூட்டிவிட்டாள். டூரோன் ஆற்றங்கரையில் பதினொரு மணி ஆகியும் உறைபனி கரையவில்லை. என் பிடரியில் பட்ட விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. ஒரே திருகில் பூட்டிவிட்டார்.