கப்பலுக்குப் போன ஓடிபி

பிள்ளைகளே, மூத்தவனைப் பார்க்கத் துறைமுகத்துக்குப் போகாததற்கு முட்டுவலி என்று சொல்லியிருந்தேன். அது பொய். நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அவன் வேலை பார்க்கும் கப்பல் தூத்துக்குடிக்கு வருகிறது, விடிகாலையில் ஒரு மணி நேரம் வெளிவாசலுக்கு வரலாம் என்று சிங்கப்பூரில் நின்றபோது போனில் சொன்னான். அவனைப் பார்த்துப் பதினோரு மாதம். நம் ஊர் நாசரேத்திலிருந்து முதல் பஸ் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆகவே முந்தின நாள் மாலையே, அவனுக்குப் பிடித்த மஸ்கோத்து அல்வா பொட்டலத்தோடு துறைமுகச் சாலை லாட்ஜ் ஒன்றுக்குப் போனேன்.

பதிவு செய்ய அங்கே ஒரு மெஷின் நின்றது. ஆதார் எண்ணைத் தட்டினேன். ஓடிபி அனுப்பியதாகக் காட்டியது. என் போனுக்கு ஒன்றும் வரவில்லை. ஐந்து தடவை தட்டினேன். அங்கே வேலை பார்க்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஆதார்ல இருக்கது யாரு நம்பர், தாத்தா?"

"மகன் நம்பர். அப்ப வீட்டுல அவன்கிட்டதான் போன் இருந்துச்சு."

"அவருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"கடலுக்குள்ள இருக்கான், தாயி. அவனப் பாக்கதுக்குத்தான் ரூமே கேக்கேன்."

சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. "நீயே நோட்டுல எழுதிக் குடேன்" என்றேன்.

"தனியாவா வந்திருக்கீய?"

ஆமாம் என்றதும் அவள் முகம் மாறியது.

"வயசான ஒத்தையாளுக்கு ரூம் குடுக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காவ. ஏதாச்சும் ஆயிட்டுன்னா போலீசு, கேசுன்னு நாங்கதான் அலையணும்."

"நான் சாக வரல, தாயி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ."

அடுத்த லாட்ஜில் பொட்டலத்தைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. "கூட ஆளக் கூட்டிட்டு வாங்க, அண்ணாச்சி" என்றார்கள். உங்கள் அம்மா இருந்திருந்தால் ரூம் கிடைத்திருக்கும். ஊர் திரும்பிவிட்டேன்.

மனசு கேட்காமல் மறுநாள் நான் ஏறிய முதல் பஸ் ஆத்தூரைத் தாண்டும்போது மூத்தவன் கூப்பிட்டான்.

"எங்கப்பா நிக்கீய? நான் கேட்டுல நிக்கேன். பத்து நிமிசத்துல உள்ள போயிரணும்."

தூத்துக்குடிக்கு இன்னும் அரைமணி இருந்தது. நடந்ததைச் சொன்னால் பிள்ளை மனசு உடைந்து கப்பலேறுவான். இரைச்சல் கேட்காதபடி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "முட்டுவலிப்பா, கிளம்பவே இல்ல" என்றேன்.



"சரி, ஒடம்பப் பாத்துக்கோங்க. பொறவு, ஒங்க ஆதார் ஓடிபி அஞ்சு என் போன்ல வந்து கெடக்கு. எவனோ ஏமாத்தப் பாக்கான். யார் கேட்டாலும் சொல்லிராதீய."

"சொல்லமாட்டேன்" என்றேன்.

டிக்கெட் எடுத்தாயிற்றே என்று வெளிவாசல் வரைக்கும் போனேன். உள்ளே கிரேன்கள் மட்டும் தெரிந்தன. அல்வாவை வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.