'வெள்ளைக்கல்' என்று எழுதச் சொன்னேன்

நகைக்கடைச் சொற்களில் எனக்குத் தெரியாதது கிடையாது. ப்ளூ ஜாகர் என்றால் லேசாக நீலம் ஓடும் முதல்தர வைரம். வெள்ளைக்கல் என்றால் வைரம் மாதிரி இருக்கும், வைரமல்லாத மலிவுக்கல். சேதாரம் என்றால் செய்யும்போது வீணானதாகச் சொல்லி நம்மிடம் வசூலிக்கும் தங்கம். மூடின கட்டு என்றால் கல்லின் முதுகை நாம் பார்க்க வேண்டாம் என்று செய்தவர் நினைத்திருக்கிறார். அறுபதுகளில், நாங்கள் தீவில் இருந்தபோது, டெலானிபூர் குவார்ட்டர்ஸில் யார் நகை வாங்கப் போனாலும் என்னைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். என்னைக் கண்டதும் கடைக்காரர்களின் முகம் சுண்டும். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

என் மைத்துனன் கல்யாணத்துக்காக, ஏழு வருஷம் கழித்து மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் கிடைத்தது. தன் ஏழுகல் வைரத்தோட்டுக்குப் பொருத்தமாக ஒரு மூக்குத்தி வேண்டும் என்றாள் மனைவி. அவள் என்னிடம் கேட்ட ஒரே நகை அதுதான். தோடு அவள் அப்பா போட்டது. தொடக்கப்பள்ளி வாத்தியார் மகளுக்கு வைரம் போட்டு அனுப்பினார் என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

பஜாரில் கடை வைத்திருந்த பாய் ராமநாதபுரத்துக்காரர். தோட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வைரப் பெட்டியை மூடிவிட்டு வேறொரு தட்டை எடுத்து வைத்தார்.

"இதுல பாருங்க தங்கச்சி. ஜோடி சேரும்."

"வைரம்தானே கேட்டோம், பாய்?" என்றேன்.

"ஒண்ணு மின்னி ஒண்ணு மங்குனா நல்லாவா இருக்கும் சார்?"

அவள் ஒன்றை எடுத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் பில்லில் 'கல் மூக்குத்தி ஒன்று' என்று எழுதினார்.

"என்ன கல்? பேரை எழுதுங்க."

"இது போதும் சார். டீக் ஹை."

"கருங்கல்லும் கல்லுதான். எழுதுங்க."

பாய் அவளைப் பார்த்தார். பிறகு 'வெள்ளைக்கல்' என்று எழுதி நீட்டினார்.

"அப்ப தோடு?" என்று கேட்டதும் நான்தான்.

"மூடின கட்டு சார். நான் என்னன்னு சொல்ல?"

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அவளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். மூக்குத்தியைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனாள். மேட்டில் ஏறும்போது, "பில்லு அவ்வளவு முக்கியமாங்க?" என்றாள். முக்கியம்தான் என்று குவார்ட்டர்ஸ் வரை விளக்கினேன்.

கல்யாண வீட்டில் சாதாரணத் தங்கக் கம்மலோடு நின்றாள். மாமனாரின் கண் முதலில் அவள் காதுக்குத்தான் போயிற்று.

"தோடு எங்கம்மா?"

"கடல் காத்துக்கு ஆகாதுன்னு வச்சுட்டு வந்துட்டேன்ப்பா."

அவர் என் பக்கம் திரும்பினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அவள் கம்மலைப் பார்த்தேன்.

பந்தியைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போனார். பத்து நாள் அங்கே இருந்தோம். ஒருவேளைகூட அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.